செவலையும் நானும் ஒரே கயிற்றில்

எங்கள் வீட்டு நாய்க்குக் குரைக்கத் தெரியாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். கிணற்றுமேட்டில் கீரிப்பிள்ளை ஓடினால் குரைக்கும். இடி இடித்தால் வானத்தைப் பார்த்துக் குரைக்கும். மனிதர்களைப் பார்த்துத்தான் அதற்குக் குரைக்க வராது. வருகிறவர் யாராக இருந்தாலும் தன்னைப் பார்க்கத்தான் வருகிறார் என்று அதற்கு ஓர் எண்ணம்.

உலகத்தில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. மண்ணெண்ணெய் கிடைக்காது, அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். காட்டில் ராகியும் சாமையும் விளைந்ததால் எங்கள் வயிற்றுக்குக் குறையில்லை. ஒரு சந்தை நாளில் பாப்பாரப்பட்டியில் புளியை விற்றுவிட்டு வண்டி பூட்டப் போனேன். காளையின் முன்னங்காலை ஒட்டி ஒரு செவலை நாய்க்குட்டி படுத்திருந்தது. சாட்டைக் கம்பால் தரையில் தட்டி விரட்டினேன். அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு கம்பைக் கவ்வியது. பாதி தூரம் வந்து திரும்பிப் பார்க்கிறேன், வண்டிக்கு அடியில், அச்சு நிழலில், சொந்த வண்டியோடு வருகிற மாதிரி நடந்து வருகிறது. வீட்டு வாசலில் என் மகள் நின்றிருந்தாள். அப்போதுதான் நடை பழகியிருந்தாள். குட்டி நேரே அவளிடம் போனது. அவள் அதன் காதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நான் என்ன சொல்வது?

என் அக்கா எங்களோடுதான் இருந்தாள். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். வீட்டில் அவள் சொல்வதுதான் சட்டம். நாயைப் பார்த்ததும், "கழுதை வளத்தாலும் ஒரு மூட்டை தூக்கும். இது எதுக்குடா?" என்று கேட்டாள். பேர் கூட வைக்கவில்லை. நிறத்தைச் சொல்லிச் செவலை, செவலை என்று கூப்பிட்டோம், அதுவே நின்றுவிட்டது.

அந்த நாய்க்கு ஊரே வீடு. காலையில் எங்கள் வீட்டில் ஒரு வாய் களி தின்றுவிட்டுப் புறப்படும். தெருக்கோடி வரைக்கும் ஒவ்வொரு வாசலிலும் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, வாலை ஆட்டிவிட்டுப் போகும். யாராவது வெளியே வந்து ஒரு வார்த்தை பேசாவிட்டால் நகராது. வரி வசூலிக்க வரும் மணியக்காரரை ஊர் எல்லையிலிருந்தே கூட்டிக்கொண்டு வந்துவிடும். அவர் வருவது தெரிந்தால் சிலர் புறக்கடை வழியாகக் காட்டுக்கு நழுவுவது வழக்கம். இது அவரை விட்டுவிட்டு, நழுவுகிறவர் பின்னால் ஓடி, அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து விளையாடும். "உங்க நாயி சர்க்கார் நாயிங்க" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. கடலைக்காய் காயப்போட்ட களத்துக்குக் காவல் வைத்தால், அந்தப் பக்கம் போகிறவனோடு போய்விடும். "திருடன் வந்தா மூட்டையத் தலைக்குத் தூக்கி விடும்" என்பாள் என் அக்கா.

ஒரு வருஷம் மாரியம்மன் பண்டிகையில் பூசாரிக்கு அருள் வந்து, கரகம் தலையில் ஆட, பம்பை அடிக்க, தெருவில் இறங்கி வந்தார். பெண்கள் குடம் குடமாகக் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கூட்டத்துக்குள் புகுந்த செவலை, இவ்வளவு பேர் தண்ணீர் ஊற்றுகிற கால் நல்ல காலாகத்தான் இருக்கும் என்று நினைத்ததோ என்னவோ, பூசாரியின் குதிகாலை நக்கியது. அம்மன் குரலில் பேசிக்கொண்டிருந்தவர் சொந்தக் குரலில், "ச்சீ, கூசுதுடா!" என்று துள்ளிவிட்டார். கூட்டம் சிரித்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு அங்கேயே விழுந்து கும்பிட்டேன். அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை, அந்த வருஷம் நல்ல மழை. பூசாரிதான் அதன்பிறகு எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பார்.

என் மகளுக்கும் செவலைக்கும் சாப்பாட்டில் ஒரு முறை இருந்தது. அவளுக்கு ஒரு வாய், அதற்கு ஒரு வாய். அதற்குக் கொடுக்காமல் அவள் தின்னமாட்டாள். அதன் முறை முடிந்ததும், "இப்ப எனக்கு" என்று தானே சொல்லிக்கொண்டு வாயைத் திறப்பாள். நான் கண்டித்துப் பார்த்தேன். என் மனைவி, "வுடுங்க, அதனாலயாவது ரெண்டு வாய் உள்ள போவுதே" என்றாள். சாப்பாட்டுக்கு அடம் பிடிக்கிற பிள்ளை அவள். நாய் வந்த பிறகுதான் கன்னத்தில் சதை வைத்தது.

அவளுக்கு ஐந்து வயது நடக்கும்போது, மாசி மாதத்தில், காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் போர்த்திப் படுக்க வைத்தோம். அடுத்த நாள் காலையில் அக்கா விளக்கைக் கிட்டே பிடித்து முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் முத்துப் போட்டிருந்தது. அக்கா விளக்கை வைத்துவிட்டுக் கையைக் கூப்பினாள். "ஆத்தா வந்திருக்கா. யாரும் சத்தமா பேசாதீங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் அம்மை வந்தால் அதை நோய் என்று சொல்வது கிடையாது. மாரியம்மனே வந்து வீட்டில் தங்கியிருக்கிறாள். அவள் இருக்கும்வரை வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். அந்த வேப்பிலையைப் பார்த்துவிட்டால் பிச்சைக்காரன்கூடக் குரல் கொடுக்காமல் போய்விடுவான். அடுப்பில் எண்ணெய் காயக்கூடாது, தாளிக்கக்கூடாது. தலை சீவக்கூடாது, சவரம் கூடாது. அந்த வீட்டார் இன்னொரு வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது, நெருப்பு கூடக் கொடுக்கல் வாங்கல் இல்லை. முத்து இறங்கிக் காய்ந்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை மூன்று தடவை தலைக்கு ஊற்றி முடிக்கும்வரைக்கும் இப்படித்தான். அக்காவுக்குச் சிறு வயதிலேயே அம்மை போட்டு ஆறியிருந்ததால் அவளும் என் மனைவியும் உள்ளே பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள். நான் காலையில் குளித்துத் திருநீறு பூசி, உள்ளறை வாசலில் கற்பூரம் காட்டிவிட்டு, பிள்ளையைப் பார்த்து நின்றுவிட்டு வருவேன். எனக்கு அது ஒன்றுதான் வேலை.

இத்தனை கட்டுப்பாடும் எங்களுக்குத் தெரியும். செவலைக்குத் தெரியவில்லை.

வேப்பிலை செருகிய அன்றைக்கே அது வழக்கம்போல ஊர் சுற்றப் புறப்பட்டுவிட்டது. எங்கள் வாசலில் இருந்து போன நாய் நேரே எதிர் வீட்டுக்குள் போய், அங்கே தொட்டிலுக்கு அடியில் படுத்துவிட்டது. எதிர் வீட்டுக்காரர் எனக்குத் தம்பி முறை. அவருடைய முதல் பிள்ளையை மூன்று வருஷத்துக்கு முன் அம்மன் எடுத்துக்கொண்டுவிட்டாள். இரண்டாவது பையன் அந்தத் தொட்டிலில் இருந்தான். அவர் பெண்சாதி அலறியது எங்கள் வீட்டுக்குள் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் தெருவின் நடுவில் வந்து நின்றார். கையில் தடி இருந்தது. இன்னும் சிலர் பின்னால் நின்றார்கள்.

"ண்ணா, உங்க வூட்ல ஆத்தா வந்திருக்கா. நாங்களும் கும்புட்டுக்கறோம். ஆனா இந்த நாயி உங்க வூட்ல நக்கிட்டு எங்க வூட்ல வந்து நக்குது. எனக்கு இருக்கறது ஒண்ணுதாண்ணா."

"கட்டிப் போட்டுடறேன்" என்றேன்.

"கட்டுங்க. மறுக்கா தெருவுல பாத்தா நான் அடிச்சிப்புடுவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படாதீங்க."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கும் இருக்கிறது ஒன்றுதான்.

மாட்டுக் கொட்டாயில், காளை கட்டுகிற முளையில் செவலையைக் கட்டினேன். அதுவரை அதன் கழுத்தில் கயிறு பட்டது கிடையாது. நான் இந்தப் பக்கம் வந்ததும் கயிற்றின் நீளம் எவ்வளவு என்று பார்த்தது. பிறகு உட்கார்ந்து, மூக்கை மேலே தூக்கி, ஊளையிட ஆரம்பித்தது.

அம்மன் வந்திருக்கிற வீட்டில் நாய் ஊளையிட்டால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து அக்கா ஓடி வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. "அவுத்து வுடுடா! அது எதையோ பாக்குதுடா, அவுத்து வுடு!" என்றாள்.

"அவுத்தா அடிச்சுக் கொன்னுருவாங்கக்கா."

"கத்துனா நம்ம புள்ள..." என்று சொல்ல வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓடிப்போய்ச் செவலையின் வாயைப் பிடித்தேன். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் அது என் மடியில் தலையை வைத்துப் பேசாமல் படுத்துவிட்டது. எழுந்து நாலடி போனேன், ஊளை. திரும்பி வந்தேன், வாயை மூடிக்கொண்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது எதையும் பார்க்கவில்லை. யாரையும் பார்க்க முடியவில்லை என்றுதான் அழுதது.

அக்கா சொன்னாள், "வத்தல்மலைக்காரங்க சந்தைக்கு வருவாங்களே, யாரு கையிலயாவது புடிச்சிக் குடுத்துடு. போயி மலையில கெடக்கட்டும்." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. என் மனைவிதான் உள்ளறையிலிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதை அனுப்பாதீங்க" என்றாள். "பாப்பா ஒரு வாய் கூழு குடிக்க மாட்டேங்குது. கண்ணு ரெண்டும் ஒட்டிப்போச்சு, தொறக்க முடியல. 'செவலை தின்னுச்சா, செவலை தின்னுச்சா'ன்னு அதையே கேக்குது. தின்னுச்சு சாமின்னு சொன்னா நம்ப மாட்டேங்குது. பொய் சொல்றயாம்மா, சத்தமே கேக்கலயேங்குது."

உள்ளறைக்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அது மாட்டுக் கொட்டாயைப் பார்த்து இருந்தது. கண் திறக்க முடியாத பிள்ளைக்கு ஜன்னல் எதற்கு? ஆனால் காது இருந்தது. நான் செவலையை ஜன்னலுக்குக் கீழே இழுத்துப்போய் ஒரு உருண்டைக் களியை எடுத்து ஒரு வாய் கொடுத்தேன். நாய் களி தின்றால் சத்தத்துக்குக் கேட்பானேன்? அண்ணத்தில் ஒட்டிக்கொண்டதை எடுக்க நாக்கைச் சப்புச் சப்பென்று அடித்தது. மகிழ்ச்சியில் வாலை ஆட்டியதில் பக்கத்தில் கவிழ்த்திருந்த தகர டின் டம் டம் என்றது.

உள்ளேயிருந்து, தொண்டையில் முத்து இருந்ததால் கம்மிப்போன குரலில், "இப்ப எனக்கு" என்றாள் என் மகள்.

என் மனைவி அழுதது வெளியே கேட்டது. கூழ் உள்ளே போனது.

ஆக நாய் வீட்டைவிட்டுப் போகவும் கூடாது, தெருவில் நடமாடவும் கூடாது, ஊளையிடவும் கூடாது. காளைக்குத் தண்ணீர் காட்டப் போனால் ஊளை, சாணி அள்ளப் போனால் ஊளை. கடைசியில் காளைத் தும்புக் கயிற்றின் ஒரு முனையை நாயின் கழுத்தில் கட்டி, மறுமுனையை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். நான் போகிற இடத்துக்கு அது வரும். அது படுத்த இடத்தில் நான் படுப்பேன். எதிர் வீட்டுக்காரர் தன் வாசலிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம், கயிறு இருக்கிறதா இல்லையா என்று.

அதைப் பார்த்து முதலில் சிரித்தது என் அக்காதான். "நாயக் கட்டுனயா, உன்னயக் கட்டுனயா?" என்றாள். அடுத்த நிமிஷம் அவள் முகம் மாறியது. "அப்ப உள்ள வரமாட்ட நீ" என்றாள்.

அதை நான் நினைக்கவில்லை. அம்மன் படுத்திருக்கிற அறைக்கு நாய் தொட்ட உடம்போடு எப்படிப் போவது? குளித்துவிட்டுப் போகலாம் என்றால் கயிற்றை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் ஊளை. கற்பூரம் காட்ட முடியாது, திருநீறு பூசிவிட முடியாது, பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாது. சிறு வயதில் திருநீறு பூசப் பழகியதிலிருந்து ஒரு நாள் விளக்கைக் கும்பிடாமல் நான் தண்ணீர் குடித்ததில்லை. அம்மன் என் வீட்டுக்குள் வந்து இருக்கிற நாளில், நான் கொட்டாயில் நாயோடு கிடக்கிறேன். இது அவளுக்குச் செய்கிற அபசாரமோ, இதற்காகவே பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்று எனக்குப் பயம் பிடித்தது.

கோயிலுக்குப் போகிற பூசாரியைப் பார்த்து, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே குரல் கொடுத்தேன். அவர் செவலையைப் பார்த்ததும் வழக்கம்போல வேட்டியைத் தூக்கிக்கொண்டு தூரமாக நின்றார்.

"கட்டியிருக்குதா?"

"கட்டியிருக்குங்க. எங்கிட்டதான் கட்டியிருக்குது."

அவர் கயிற்றின் இரண்டு முனையையும் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு வைக்க முடியவில்லை, பிள்ளையிடம் போக முடியவில்லை, இது குற்றமாகுமா என்று கேட்டேன். அவர் யோசித்தார். என்னைவிடப் படிப்பு அதிகம் உள்ளவர் இல்லை அவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

"பாப்பா கூழு குடிக்குதா?"

"இது தின்னா குடிக்குதுங்க."

"அப்ப ஆத்தாளுக்குப் படையல் நடக்குதுன்னுதான அர்த்தம்? உள்ள படுத்திருக்கறது யாரு? அவதான. அவ வாய்க்கு ஒரு வாய் போறதுக்கு நீ வெளிய ஒக்காந்து வேல பாக்கற. விளக்கை உங்க அக்கா வெக்கட்டும். நீ கையால கும்புடாத, வாயால கும்புடு."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் போகப் போனவர் திரும்பி, "அந்த நாயிகிட்டச் சொல்லி வை. பண்டிகை அன்னிக்கும் இதே கயித்துல கட்டச் சொல்றேன்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு என் நாள் எல்லாம் ஒரே மாதிரி போயிற்று. விடிந்ததும் நானும் நாயும் எழுந்திருப்போம். நான் சாணி அள்ளினால் அது கூடையை மோந்து பார்க்கும். தெருவில் யாராவது போனால் அது எட்டிக் குதிக்கும், நான் கீழே விழாமல் தூணைப் பிடித்துக்கொள்வேன். போகிறவர்கள், "என்னாங்க, இன்னிக்கி எங்க இழுத்துட்டுப் போவுது?" என்று கேட்டுவிட்டு விலகிப் போவார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே உட்கார்வோம். வெளியே ஒரு வாய், உள்ளே ஒரு வாய். வாய்க்கு வாய் நான் அம்மன் பேரைச் சொல்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று குரலைக் கொண்டுதான் தெரிந்துகொள்ள வேண்டும். குரல் நாளுக்கு நாள் சன்னமாகிக்கொண்டே வந்தது.

முத்து முழுக்க நீர் கோத்து நின்ற அன்றைக்கு, மத்தியானம், செவலைக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன். உள்ளே சத்தம் இல்லை. இன்னொரு வாய் கொடுத்தேன். டின் டம் டம் என்றது. உள்ளே ஒன்றும் இல்லை. "பாப்பா, செவலை தின்னுச்சு" என்றேன். என் மனைவி ஜன்னல் பக்கம் வந்தாள். கிண்ணம் நிறைய இருந்தது.

"காலையில இருந்து பேச்சில்லைங்க" என்றாள். "கூப்ட்டா ஊம்னு கூடச் சொல்ல மாட்டேங்குது."

என் கையில் இருந்த களி கீழே விழுந்தது. செவலை அதைத் தின்னாமல் ஜன்னலைப் பார்த்தது. அவள் குரலுக்காகக் காத்திருந்தது. குரல் வரவில்லை என்றதும் சுவரில் முன்னங்காலை வைத்து, தொண்டைக்குள் முனக ஆரம்பித்தது. ஊளை வந்துவிடப் போகிறது என்று அதன் வாயைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அவர் தடியோடு வாசலில் வந்து நின்றார். சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன்.

"ண்ணா, பாப்பா சாப்ட்டுச்சா?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அவர் பிள்ளை போன மத்தியானம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அன்றைக்கு ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது, நானும்தான். பிறகு அவர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் வாயருகே வைத்துக்கொண்டு, தெரு முழுக்க, எங்கள் உள்ளறை வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"டேய் செவலே! டேய் செவலே! இங்க வாடா! த்தோ த்தோ த்தோ!"

அத்தனை நாள் ஒருவரும் அதைக் கூப்பிடவில்லை. பேர் சொல்லி ஒரு குரல் வந்ததும் அந்த நாய்க்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. என் கையை உதறிக்கொண்டு ஒரே பாய்ச்சல். இடுப்பில் கயிறு இருக்கிறதே. நான் மல்லாக்க விழுந்தேன். அது நிற்கவில்லை. தகர டின்னைத் தள்ளி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, காளையின் காலுக்குள் புகுந்து, என்னைத் தரதரவென்று இழுத்தது. காளை மிரண்டு கத்தியது. நான் "அய்யோ அய்யோ" என்று கத்திக்கொண்டே போய்ச் சாணிக்குழிக்குள் விழுந்தேன். அக்கா வெளியே ஓடி வந்து, "அட கிரகமே! ஆத்தா வந்த வூட்ல இப்படியாடா கூத்தடிப்ப! எந்திரிடா, எந்திரி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எதிர் வாசலில் அவர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பெண்சாதியும் வந்து சேர்ந்துகொண்டாள். அடுத்த வீட்டிலிருந்தும் ஒரு குரல் கேட்டது. யாரும் தங்கள் வாசலைத் தாண்டவில்லை. எல்லாரும் நாயைத்தான் கூப்பிட்டார்கள்.

சாணிக்குள் உட்கார்ந்தபடி நான் ஜன்னலைப் பார்த்தேன். அங்கே என் மனைவி கையை நீட்டிச் சும்மா இருக்கச் சொன்னாள். உள்ளே பிள்ளை ஏதோ கேட்டாளாம். என் மனைவி குனிந்து கேட்டுவிட்டு எனக்குச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அப்பா உழுந்துட்டாரான்னு கேக்குதுங்க."

"உழுந்துட்டேன் சாமி" என்று கத்தினேன். "சாணியில உழுந்துட்டேன் கண்ணு. உன் செவலை தள்ளிடுச்சு."

அன்றைக்கு அவள் குடித்தது இரண்டு வாய்தான். ஆனால் குடித்தாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு எதிர் வீட்டுக்காரர் தானே வாசலுக்கு வந்துவிட்டார். "ண்ணா, தூணைப் புடிச்சிக்கிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் நாயைக் கூப்பிடுவார். முத்து இறங்கத் தொடங்கியது. ஒரு கண் திறந்தது, பிறகு இன்னொன்று. பார்வைக்குப் பழுதில்லை என்று என் மனைவி ஜன்னலில் வந்து சொன்னபோது, பூசாரி சொன்னதை மறந்து இரண்டு கையாலும் கும்பிட்டேன். ஒரு கை நாயின் காதில் பட்டபடிதான் இருந்தது.

மூன்றாம் தண்ணீர் ஊற்றி, வீட்டைக் கழுவி மெழுகி, கோயிலுக்குக் கூழும் இளநீரும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். வேப்பிலையை எடுத்தாயிற்று. என் இடுப்பிலிருந்து கயிற்றை அக்காதான் அவிழ்த்தாள், முடிச்சு இறுகிப்போயிருந்தது. நாயின் கழுத்தில் இருந்ததையும் அவிழ்த்தேன்.

ஆனால் தெரு எங்கள் பக்கம் வரவில்லை. அது வழக்கம்தான். வேப்பிலையை எடுத்த பிறகும் கொஞ்ச நாள் ஜனங்கள் ஒதுங்கித்தான் போவார்கள். நாங்களாகப் போய் ஒருத்தர் வாசலை மிதிப்பதும் முறையில்லை. பிள்ளை வாசல் நிலைக்கு உள்ளேயே நின்றாள். முகம், கை எல்லாம் தழும்பு. தெருப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெளியே போகவில்லை. கூப்பிட்டாலும் வரவில்லை.

செவலைக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? வாசலில் நின்று உடம்பை உதறிக்கொண்டது. பிறகு தெருவில் இறங்கி, நேரே எதிர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. என்னால் கூப்பிட வாய் எழவில்லை. அந்தப் பையன் அங்கே தொட்டிலில்தான் இருப்பான். தடியும் அங்கே சுவரில்தான் சாய்ந்திருக்கும். நாயைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பிள்ளைக்குக் கூழ் ஊட்ட உதவியவர்தான் என்றாலும், தன் பிள்ளை என்று வந்தால் மனசு வேறு. நான் அடி விழுகிற சத்தத்துக்காக நின்றேன். என் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

உள்ளே அவர் பெண்சாதியின் குரல் கேட்டது.

"என்னாடா இது, எலும்பா எளச்சிப் போயிட்ட! உங்க வூட்ல சோறே போடலயா?"

ஏதோ ஒரு சட்டி நகர்கிற சத்தம். பிறகு அவள் வாசலுக்கே வந்தாள். இடுப்பில் பையன் இருந்தான். எங்கள் வாசல் பக்கம் பார்த்தாள். என் மகள் பின்னால் ஒதுங்கப் பார்த்தாள்.

"ஏன் சாமி, நாயி மட்டும் வந்தாப் போதுமா?" என்றாள். "நீ வா. இதுக்குத் தனியாப் போட்டா திங்க மாட்டேங்குது பாரு."

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். சட்டம் எல்லாம் தெரிந்தவள் அவள்தானே. அக்கா முந்தானையால் பிள்ளையின் முகத்தைத் துடைத்து, தலையைக் கோதிவிட்டாள்.

"கூப்புட்றாங்க இல்ல? போ" என்றாள்.

மகள் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். படுத்தே கிடந்த கால் என்பதால், தெருவைக் கடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்றாள். அந்த வீட்டு வாசலை அடைந்ததும் அவர் பெண்சாதி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.